அம்மாவுக்கு சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 89 சதவீதம்தான் காட்டுகிறது, ஆக்சிஜனைக் கூட்ட மாட்டேன் என்கிறார்கள். இது சரியா?

அந்தியூர்க்காரன்:

ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் அம்மாவைச் சேர்த்திருக்கிறோம். வயது 63. எங்கள் வீட்டில் யாருக்கும் பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. ஆனால் கல்யாணமாகி வந்ததிலிருந்து அம்மாவுக்கு விறகு அடுப்புதான். சீமைக்கருவேலம், பருத்திமார், எது கிடைத்ததோ அது. மஞ்சள் அறுவடை முடிந்தால் வேக வைக்கிற இடத்துக்கும் கூலிக்குப் போவார். அங்கேயும் புகைதான்.

சில வருடங்களாகவே மழைக்காலம் வந்தால் இருமலும் சளியும். உள்ளூர் டாக்டர் 'வீசிங்' என்று ஊசி போட்டு அனுப்பிவிடுவார். இந்த முறை சளி பச்சையாகி, பாத்ரூம் வரை நடக்கவே முடியாமல் போய்விட்டது. சேர்த்தவுடன் எக்ஸ்ரே எடுத்துவிட்டு சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட நீடிக்கும் நுரையீரல் நோய்) என்று எழுதினார்கள். நெபுலைசர், ஸ்டீராய்டு ஊசி, ஆன்டிபயாடிக் எல்லாம் போகிறது.

பிரச்சினை ஆக்சிஜன். மூக்கில் டியூப் வைத்து 1 லிட்டர்தான் விடுகிறார்கள். மானிட்டர் 88, 89 என்று நிற்கிறது. கூட்டச் சொன்னால், '88லிருந்து 92க்குள் வைக்கச் சொல்லி ஆர்டர்' என்கிறார் நர்ஸ். நேற்று ராத்திரி மாமா சத்தம் போட்டதும் ட்யூட்டியில் இருந்தவர் மாஸ்க் போட்டு 6 லிட்டர் வைத்தார். உடனே 98 வந்தது. காலையில் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் எல்லாரையும் திட்டிவிட்டு மறுபடி 1 லிட்டருக்கே கொண்டுவந்துவிட்டார். சுவரில் குழாய் இருக்கிறது, ஆக்சிஜன் இருக்கிறது, கொடுப்பதற்கு என்ன? வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடலாமா? அம்மா காலையிலிருந்து தூங்கி வழிகிறார். ராத்திரி கலாட்டாவில் சரியான தூக்கம் இல்லை, அதனால் இருக்கும்.

திருப்பூர் சரவணன்:

யோசிக்காதீங்க நண்பா, மாத்துங்க. கொரோனா சமயத்தில் 94க்குக் கீழே போனாலே ஆபத்து என்று டிவியில் தினமும் சொன்னார்கள். 89 வைத்துக்கொண்டு சும்மா இருப்பது அநியாயம்.

வார்டு சிஸ்டர் (ஓய்வு):

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். தூங்கி வழிகிறார் என்று கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும். இப்போதே போய் ட்யூட்டி டாக்டரிடம் சொல்லுங்கள். கூப்பிட்டால் முழித்துப் பதில் சொல்கிறாரா, பேச்சு குழறுகிறதா, தலை வலிக்கிறது என்கிறாரா பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி மணிக்கட்டை மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னால் கை படபடவென்று விழுகிறதா என்றும் பாருங்கள். 'ஏபிஜி எடுத்துப் பார்த்தீர்களா' என்று நேராகக் கேளுங்கள். மணிக்கட்டுத் தமனியில் ஊசி போட்டு ரத்தம் எடுத்து, அதில் ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனை அது. கொஞ்சம் வலிக்கும், பரவாயில்லை. இது தூக்கக் குறைவாக இல்லாமல் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறியதாக இருக்கலாம்.

போய்விட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

நான் அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றின் நெஞ்சக வார்டில்தான் கடைசிவரை வேலை பார்த்தேன். ராத்திரியில் உறவுக்காரர்கள் ஆக்சிஜன் அளவைக் கூட்டும் ஃப்ளோமீட்டரைத் திருகுவதும் காலையில் நோயாளி எழுந்திருக்காமல் கிடப்பதும் அங்கே புதிதில்லை. மாஸ்க் போட்டால் 98 வருகிறது, எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் விரலில் மாட்டும் அந்தக் கருவி ஆக்சிஜனை மட்டும்தான் காட்டும். கார்பன் டை ஆக்சைடு 40ல் இருந்தாலும் 90ல் இருந்தாலும் அதற்குத் தெரியாது.

புகையில் கெட்டுப்போன நுரையீரலில் சில பகுதிகளுக்குக் காற்றே சரியாகப் போகாது. உடம்பு அதைத் தெரிந்துகொண்டு அந்தப் பகுதிக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, ரத்தத்தை நல்ல பகுதிக்குத் திருப்பிவிடும். நாம் ஆக்சிஜனை அள்ளிக் கொட்டினால் சுருங்கிய குழாய்கள் திறந்துகொள்ளும். ரத்தம் காற்றோட்டமில்லாத இடத்துக்கே திரும்பப் போய், கழிவு வாயுவை இறக்காமல் வரும். போதாததற்கு ஆக்சிஜன் நிறைந்த ஹீமோகுளோபினால் கார்பன் டை ஆக்சைடை முன்போலத் தாங்கிப் பிடிக்கவும் முடியாது. நாங்கள் படித்த காலத்தில் 'ஆக்சிஜன் கூடினால் மூச்சு விடும் தூண்டுதல் போய்விடும்' என்று மட்டும் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கும் பங்கு உண்டு, ஆனால் அது சின்னப் பங்கு.

சரவணன் தம்பிக்கு: கொரோனாவுக்கு மத்திய சுகாதாரத்துறை வெளியிட்ட சிகிச்சை வழிகாட்டியிலேயே மற்றவர்களுக்கு 92–96, சிஓபிடி இருப்பவர்களுக்கு 88–92 என்றுதான் இருந்தது. டிவியில் பின்பாதியைச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் சிஓபிடி மூச்சுத்திணறல் என்று ஆம்புலன்ஸில் வந்த 405 பேரை வைத்து நடந்த ஆய்வு 2010ல் வெளியானது. எல்லாருக்கும் மாஸ்கில் 8–10 லிட்டர் கொடுத்த பிரிவில் 100க்கு 9 பேர் இறந்தார்கள். 88–92க்குள் அளந்து கொடுத்த பிரிவில் 4 பேர். ஆக, கஞ்சத்தனமாகத் தெரிவதுதான் இங்கே வைத்தியம்.

இன்னொன்றும் கவனியுங்கள். நெபுலைசரைச் சுவர் ஆக்சிஜனில் மாட்டுகிறார்களா, மோட்டார் மெஷினில் ஓட்டுகிறார்களா? சுவரில் மாட்டினால் மருந்து போகிற நேரம் முழுக்க 6, 8 லிட்டர் ஆக்சிஜனும் சேர்ந்து போகும். ஆர்டரில் 1 லிட்டர் என்று இருந்தாலும் யாரும் கவனிக்காத ஓட்டை இது. மோட்டாரில் ஓட்டி, மூக்கு டியூபை அப்படியே விட்டுவைப்பது நல்லது. சண்டை போடாமல், மரியாதையாகக் கேளுங்கள். விரல் ஜில்லென்று இருந்தால் விரல் கருவி தப்பாகக் காட்டலாம், தோல் கறுப்பாக இருந்தால் உண்மையைவிடக் கூட்டிக் காட்டவும் கூடும். அதற்கும் ஏபிஜிதான் பதில்.

அந்தியூர்க்காரன்:

சிஸ்டர், நீங்கள் சொன்னபடியே போய்ச் சொன்னேன், உடனே ஏபிஜி எடுத்தார்கள். பிஎச் (ரத்தத்தின் அமிலத்தன்மை, எண் குறைந்தால் அமிலம் கூடுதல்) 7.28, கார்பன் டை ஆக்சைடு 72, பைகார்பனேட் 33. ஐசியுவுக்கு மாற்றி பைபேப் (மாஸ்க் வழியே காற்றை அழுத்தித் தள்ளி மூச்சுவிட உதவும் மெஷின்) போட்டிருக்கிறார்கள். அம்மா மாஸ்கைப் பிய்த்துப் பிய்த்து எறிகிறார். இது சரிவரவில்லை என்றால் தொண்டையில் குழாய் போட வேண்டி வரும் என்கிறார்கள். மாமா வெளியே பெஞ்சில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

மலர்விழி:

அண்ணா, எங்க அப்பா வீட்டிலேயே பைபேப் வைத்திருக்கிறார். முதல் நாள் அவரும் இப்படித்தான். வாரை மாட்டுவதற்கு முன்னால் மாஸ்கை முகத்தில் கையால் லேசாகப் பிடித்து, மெஷின் தள்ளுகிற காற்றோடு சேர்ந்து மூச்சு விடப் பழக்கச் சொல்லுங்கள். தெரிந்த முகம் பக்கத்தில் இருந்தால் பாதி பயம் போய்விடும், ஒருவரை உள்ளே விடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். பல்செட் இருந்தால் போட்டே இருக்கட்டும், இல்லாவிட்டால் கன்னம் ஒட்டி மாஸ்க் ஓரத்தில் காற்று ஒழுகும். மூக்குத்தண்டு சிவந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், புண்ணாகிவிட்டால் அப்புறம் மாஸ்கே போட முடியாது. மாஸ்கோடு சாப்பாடு மட்டும் வேண்டாம். கழற்றி, நன்றாக முழித்திருக்கும்போது கஞ்சி கொடுங்கள்.

வார்டு சிஸ்டர் (ஓய்வு):

பாப்பா சொன்னது அத்தனையும் சரி.

தம்பி, பைகார்பனேட் என்பது அமிலத்தைச் சமன்செய்ய உடம்பு சேர்த்துவைப்பது. அது 33 என்றால் கார்பன் டை ஆக்சைடு இன்றைக்கு மட்டும் ஏறியதில்லை, கொஞ்ச நாளாகவே கூடித்தான் இருந்திருக்கிறது, உடம்பு அதற்கேற்பப் பழகியிருக்கிறது. நேற்றைய ஆக்சிஜன் அதைத் தள்ளிவிட்டிருக்கலாம். சளி பச்சையானதும் ஒரு காரணம். மாமா மேல் பழி போட வேண்டாம், சத்தம் கேட்டு ஆர்டரை மீறியவர்கள் பொறுப்பு அது. பிஎச் 7.25க்கும் 7.35க்கும் நடுவில் இருப்பவர்களுக்குத்தான் பைபேப் நன்றாகக் கைகொடுக்கும். பிரிட்டனில் 14 ஆஸ்பத்திரிகளில் நடந்து 2000ல் வெளியான ஆய்வில் பைபேப் இல்லாதவர்களில் 100க்கு 20 பேர் இறந்தார்கள், இருந்தவர்களில் 10. ஒரு மணி நேரத்தில் மறுபடி ஏபிஜி எடுப்பார்கள். பிஎச் மேலே வருகிறதா, மூச்சு வேகம் குறைகிறதா என்று கேளுங்கள்.

அந்தியூர்க்காரன்:

பிஎச் 7.36, கார்பன் டை ஆக்சைடு 57! கண் திறந்து, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா என்று கேட்டார். மாஸ்கை விட்டு விட்டுத்தான் வைக்கிறார்கள் இப்போது. வீட்டுக்குப் போகும்போது ஆக்சிஜன் மெஷின் வாங்கிப் போகச் சொல்லி ஒருவர் கார்டு கொடுத்திருக்கிறார். வாங்கட்டுமா? கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது.

வார்டு சிஸ்டர் (ஓய்வு):

மாடு ஞாபகம் வந்துவிட்டதா, நல்லது.

மெஷினை இப்போது வாங்காதீர்கள். கார்டு கொடுத்தவருக்கு அவசரம், உங்களுக்கு இல்லை. டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஆக்சிஜன் இல்லாமல் எவ்வளவு நிற்கிறது என்று டாக்டர் பார்ப்பார். மிகக் குறைவாக இருந்தால் தற்காலிகமாக வாடகைக்கு எடுக்கலாம். இரண்டு மூன்று மாதம் கழித்து, உடம்பு தேறிய பிறகு மறுபடி அளக்க வேண்டும். அப்போதும் சும்மா உட்கார்ந்திருக்கையில் 88 அல்லது அதற்குக் கீழே என்றால்தான் நிரந்தரமாகத் தேவை, அதுவும் ஒரு நாளைக்கு 15 மணி நேரமாவது. பலருக்கு அதற்குள் தேவையே இல்லாமல் போய்விடும். கால் வீக்கத்துக்கு எக்கோ (இதய ஸ்கேன்) கேளுங்கள். நுரையீரல் கெட்டால் வலது பக்க இதயமும் சிரமப்படும்.

ஸ்டீராய்டு 5 நாள் போதும், ஸ்விட்சர்லாந்தில் 14 நாளோடு ஒப்பிட்டுப் பார்த்தே சொன்னது அது. மருந்துக் கடையில் பழைய சீட்டைக் காட்டி மாதக்கணக்கில் வாங்கிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், அது வேண்டாம். சளியில் காசநோய் பரிசோதனை செய்தாயிற்றா என்றும் கேளுங்கள். நம் ஊரில் அதை விடக்கூடாது. ஸ்பைரோமெட்ரி ஊதும் பரிசோதனை இப்போது வேண்டாம், மூச்சு நிதானமானதும் செய்யுங்கள். மருந்து இழுத்த பிறகும் முதல் நொடியில் ஊதும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் சிஓபிடி உறுதி. இத்தனை வருடம் 'வீசிங்' என்றே ஓட்டியிருக்கிறார்கள், ஒரு முறையாவது ஊதிப் பார்க்க வேண்டாமா? இன்ஹேலரை ஸ்பேசரோடு (மருந்தை நிதானமாக இழுக்க உதவும் குழல்) வாங்குங்கள், உங்கள் கண்முன்னால் இழுக்கச் சொல்லிப் பாருங்கள். கேஸ் அடுப்பு வீட்டில் இருந்தும் விருந்தாளிக்கு டீ போட மட்டும் என்று வைத்திருப்பார்களே, அந்தக் கதையையும் அம்மாவிடம் பேசி முடியுங்கள். வெந்நீருக்குக்கூட விறகு வேண்டாம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஆக்சிஜன் இலக்கு 88–92, முன்பு கார்பன் டை ஆக்சைடு ஏறியது' என்று எழுதி வாங்குங்கள். அதையே ஒரு சின்ன அட்டையில் எழுதி அம்மாவின் மருந்துப் பையில் போட்டுவையுங்கள். இனி 108 வந்தால் ஏறும்போதே அதை எடுத்துக் காட்ட வேண்டும். மாமாவுக்கும் ஒன்று கொடுங்கள்.