தாத்தாவையும் ஆச்சியையும் படம் எடுக்கணும், கேமராவைப் பார்த்தாலே விறைத்துப் போகிறார்கள்

கேள்வி:

அடுத்த மாதம் தாத்தாவுக்குச் சதாபிஷேகம். விழாவுக்கு வீடியோ, ஆல்பம் எல்லாம் ஆள் பேசியாச்சு. அதற்கு முன்னால் ஒருநாள், அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் எப்போதும் இருக்கிற மாதிரி நாலைந்து படம் நானே எடுத்து, ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு மாட்டணும் என்று ஆசை. என்னிடம் இருப்பது கிராப் சென்சார் (படம் பதிகிற சில்லு கொஞ்சம் சின்னது) கேமரா, 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், கேமராவிலேயே இருக்கிற ஃபிளாஷ், அவ்வளவுதான்.

பொங்கலுக்குப் போனபோது ஹாலில் ட்யூப் லைட் வெளிச்சத்தில் முயற்சி செய்தேன். தாத்தாவின் வேட்டி பளீரென்று விழுந்து முகம் கருத்துப் போனது. சுவரில் பச்சை ஆயில் பெயின்ட், அந்தப் பச்சை ஆச்சி கன்னத்திலும் ஏறிவிட்டது. அதைவிட, இரண்டு பேரும் ரேஷன் கார்டுக்கு நிற்பது போலக் கையைத் தொங்கவிட்டு நின்றார்கள். "சிரிங்க தாத்தா" என்றால் வாயை இன்னும் இறுக்கிக்கொண்டார். கேமராவைக் கீழே வைத்த மறுநொடி ஆச்சி எதற்கோ குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் எனக்கு வேண்டும்.

இன்னொன்று, இரண்டு பேரும் நல்ல கருப்பு. சித்தப்பா போனில் எடுத்த படத்தில் முகத்தை வெளுப்பாக்கி, சுருக்கத்தை எல்லாம் வழித்துவிட்டது. ஆச்சி பார்த்துவிட்டு "இது யாருடா?" என்று கேட்டாள். அப்படி ஆகவே கூடாது.

பதில் 1:

தம்பி, இருபது வருஷமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். முதலில் ஹாலை விடு. வீட்டு வாசலைப் பார். கதவைத் திறந்து வைத்து, நிலைப்படிக்கு உள்பக்கம் இரண்டு மூன்றடி தள்ளி ஒரு நாற்காலி போடு. உள்ளே ட்யூப் லைட், பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடு, இல்லாவிட்டால் வெளி வெளிச்சம் ஒரு நிறம், விளக்கு ஒரு நிறம் என்று முகம் இரண்டாகப் பிரியும். வெயில் நேராக உள்ளே விழாத நேரமாகப் பார்த்துக்கொள். மேற்குப் பார்த்த வாசல் என்றால் காலை, கிழக்குப் பார்த்தது என்றால் சாயங்காலம். வாசல் முழுக்கவே ஒரு பெரிய விளக்கு, பெரிய விளக்கு என்றால் நிழல் மெதுவாகக் கரையும். வயதானவர்களை முற்றத்திலோ தெருவிலோ நிறுத்தினால் வெளிச்சம் தலைக்கு மேலிருந்து இறங்கிக் கண்குழி இருட்டாகிவிடும். நிலைக்கு உள்ளே வந்தால் கூரை அந்த மேல் வெளிச்சத்தை வெட்டிவிடும், கண்ணுக்குள் வாசல் சின்னப் புள்ளியாக மின்னும். பின்னால் வீட்டின் இருட்டு, தனியாக பேக்கிரவுண்டே தேவையில்லை.

அவர்களைக் கூப்பிடும் முன் இதைச் செய். அவர்கள் முகம் வரப்போகிற உயரத்தில் உன் முஷ்டியை நீட்டிப் பிடித்து மெதுவாகத் திருப்பு. விரல் முட்டிகளில் வெளிச்சம் எப்படி ஏறி நிழல் எப்படி விழுகிறதோ, மூக்கிலும் கன்னத்திலும் அப்படித்தான் விழும். முகம் வாசலுக்கு நேராக இருந்தால் தட்டையாகத் தெரியும். திருப்பிக்கொண்டே போனால் மூக்கின் நிழல் கன்னத்து நிழலோடு போய்ச் சேரும், கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன முக்கோணம் மட்டும் வெளிச்சமாக மிஞ்சும். எனக்குப் பிடித்தது அந்த இடம். பக்கத்தில் பச்சைச் சுவர் இருந்தால் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டு மூடு. நிழல் பக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை நிறுத்து, வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி நிழலை நிரப்பும்.

பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் முறைத்த முகப் படம் தெரியுமே, 1941 டிசம்பரில் கனடாவின் ஒட்டாவாவில் யூசுஃப் கார்ஷ் என்ற புகைப்படக்காரர் எடுத்தது. சர்ச்சில் வாயிலிருந்த சுருட்டைக் கார்ஷ் பிடுங்கிய கதையை எல்லாரும் சொல்வார்கள். அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது, கார்ஷ் முதல்நாள் மாலையே போய் விளக்குகளை நிறுத்தி வைத்துவிட்டார் என்பதுதான். அவருக்குக் கிடைத்ததோ இரண்டு நிமிடம். அந்த நேரத்தில் விளக்கோடு மல்லுக்கட்டியிருந்தால் முகத்தைப் பார்த்திருக்கவே முடியாது. உனக்கும் அதேதான், தாத்தா உட்கார்ந்த பிறகு நீ ஸ்டூலை நகர்த்திக்கொண்டு நிற்காதே.

பதில் 2:

வாசல் யோசனை அருமை. தெர்மாகோலில் மட்டும் அண்ணனோடு எனக்கு ஒத்துவரவில்லை. கருப்பு முகத்தில் உருவத்தைக் காட்டுவது மினுமினுப்புதான், நெற்றியிலும் கன்ன எலும்பிலும் வாசல் பளபளவென்று விழ வேண்டும். மறுபக்கமும் வெள்ளை அட்டை வைத்து நிரப்பினால் முகம் சப்பென்று ஆகிவிடும். அட்டை இல்லாமல் ஒன்று, வைத்து ஒன்று எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

முகம் கருத்துப் போனதற்குக் காரணம் கேமராவின் மீட்டர், அதாவது வெளிச்சத்தை அளக்கிற கருவி. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கத்தான் அது பார்க்கும். வெள்ளை வேட்டி ஃபிரேமில் பாதியை அடைத்தால் எல்லாவற்றையும் இருட்டாக்கும். கேமராவை மேனுவலில் போட்டு, ஆச்சியின் கன்னம் சரியாகத் தெரிகிற மாதிரி வெளிச்ச அளவை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் மாறாதவரை தொடவே வேண்டாம். வேட்டி மடிப்பு லேசாக வெளுத்தால் போகட்டும், முகம் சரியாக இருக்கணும். ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு) எடுங்கள்.

அப்புறம் பவுடர்! படம் என்றதும் ஆச்சி பவுடர் பூசிக்கொண்டு வந்து உட்காருவார்கள், எங்கள் வீட்டிலும் அப்படித்தான். கருப்புத் தோலில் அது சாம்பல் பூத்தது போல விழும், பிறகு கம்ப்யூட்டரில் சரி செய்யவே வராது. ஈரத்துணியால் ஒற்றி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

எஃப் 1.8இல், அதாவது லென்ஸ் துளையை முழுக்கத் திறந்து, ஒன்றரை மீட்டரிலிருந்து எடுத்தால் தெளிவாக விழுவது மொத்தமே ஆறு சென்டிமீட்டர் ஆழம். ஆச்சி கண் தெளிவாக இருக்கும், தாத்தா மங்கிவிடுவார். இரண்டு பேர் என்றால் துளையைச் சுருக்கி எஃப் 4க்குக் குறையாமல் வைத்து, இரண்டு முகமும் லென்ஸிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிச்சம் பற்றாவிட்டால் ஐஎஸ்ஓவை (சென்சாரின் வெளிச்ச உணர்வு அளவு) 1600 வரை தாராளமாக ஏற்றலாம்.

பதில் 3:

வயதானவர்களை நிறைய எடுத்திருக்கிறேன். "சிரிங்க", "இயல்பா இருங்க" இரண்டையும் மறந்துவிடுங்கள். இயல்பாக இரு என்று சொன்ன அடுத்த நொடி எந்த மனிதருக்கும் தன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகும். கைக்கு வேலை கொடுங்கள். ஆச்சி பூக்கட்டுவார்களா? மடியில் ஒரு கிண்ணம் மல்லிகையும் நாரும் கொடுங்கள். தாத்தாவுக்கு வெற்றிலைப் பழக்கம் உண்டென்றால் காம்பு கிள்ளிச் சுண்ணாம்பு தடவட்டும். என் பெரியம்மாவை அப்படித்தான் எடுத்தேன். பத்து நிமிடம் கட்டிக்கொண்டே இருந்தவர் நார் அறுந்துபோய் "ப்ச்" என்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார், கண்ணில் பாதி எரிச்சலும் பாதிச் சிரிப்பும். இப்போது சுவரில் இருப்பது அந்தப் படம்தான்.

பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், முதுகு கூனி உள்ளே புதைந்துவிடுவார்கள். மர ஸ்டூலோ பெஞ்சோ போட்டு, நுனியில் உட்காரச் சொல்லுங்கள். உடம்பு கொஞ்சம் வாசல் பக்கம், முகம் உங்கள் பக்கம். "தாடையை இறக்குங்க" என்றால் கழுத்துச் சதை மடியும், "நெத்தியைக் கொஞ்சம் எங்கிட்ட கொண்டு வாங்க ஆச்சி" என்று சொல்லிப் பாருங்கள், தானாகச் சரியாகும். சொல்வதை நீங்களே செய்து காட்டுங்கள், கண்ணாடி பார்ப்பது போல அவர்களும் செய்வார்கள். கேமராவுக்குப் பின்னால் ஊமையாக இருக்காதீர்கள், நீங்கள் பேசாவிட்டால் தான் ஏதோ தப்பாகச் செய்வதாக நினைத்து விறைப்பார்கள்.

ஜோடிப் படத்தில் கையைக் கோக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். ஐம்பது அறுபது வருஷம் நாலு பேர் முன்னால் தொட்டுக்கொள்ளாமல் வாழ்ந்தவர்களுக்கு அது பெரிய கூச்சம், முகத்தில் அப்படியே தெரியும். தோளோடு தோள் லேசாக உரச, ஒரே உயரத்தில் உட்கார வைத்தால் போதும். பெண் பார்க்க வந்த கதையைத் தாத்தாவிடம் கேளுங்கள். அவர் ஏதாவது தப்பாகச் சொல்வார், ஆச்சி திருத்துவாள், அப்போது விரல் ஷட்டரில் இருக்கட்டும். "போதும், முடிஞ்சது" என்று சொன்ன பிறகும் நாலு படம் எடுங்கள். நீங்கள் பொங்கலன்று தவறவிட்டது அதைத்தான்.

கேட்டவர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்றே போய் அம்மாவை உட்கார வைத்துப் பார்த்தேன். மேற்குப் பார்த்த வாசல், காலை ஒன்பது மணி. முஷ்டி வைத்துப் பார்த்ததும் நாற்காலியை ஓரடி உள்ளே தள்ளினேன், அந்த முக்கோணம் அப்படியே வந்தது. அட்டை இல்லாத படம்தான் எனக்கும் பிடித்தது, ஆனால் தாத்தாவுக்குக் கண்குழி ஆழம், அவருக்கு மட்டும் வைக்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு சிக்கல், அம்மாவின் மூக்குக் கண்ணாடியில் வாசல் வெள்ளைக் கட்டமாகத் தெரிந்து கண்ணை மறைக்கிறது. தாத்தாவும் கண்ணாடி போடுபவர்தான். கழற்றச் சொல்லிவிடலாமா?

பதில் 1:

கழற்றாதே. மூக்கில் பதிந்த தடம் தெரியும், பார்வையும் தடுமாறும், அவர் முகமாகவே இருக்காது. காதின் மேல் கொக்கி போல மாட்டியிருக்கிற கண்ணாடிக் கம்பியை அரை விரல்கடை தூக்கி வை, கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், வாசல் அதில் விழாது. பக்கவாட்டில் பார்த்தால்தான் தூக்கியது தெரியும். அப்படியும் தெரிந்தால் முகத்தை வாசலிலிருந்து இன்னும் கொஞ்சம் திருப்பு.

பிரிண்ட்டைப் பளபளக்காத மேட் பேப்பரில் போடு. கண்ணாடி ஃபிரேம்தான் வேண்டும் என்று வீட்டில் சொன்னால் வாசலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டாதே, அதிலும் அதே வாசல்தான் தெரியும்.