வளவுக் குழாயின் வால்வுக்குப் பெயர்: ‘மறிவால்வு’ என்று வைக்கலாம்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வெளிக்குழாய்க்கு முன்னால் பொருத்துகிற வால்வுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற கேள்விக்கு இதுவரை ‘அடைப்பான்’, ‘மூடுவால்வு’, ‘ஓரதர்’, ‘துருசு’ என்று நான்கு சொற்கள் இந்த இழையில் வந்திருக்கின்றன. திருகோணமலையில் குழாய் வேலை பழகும் பிள்ளைகளுக்காக நாங்கள் எழுதிக்கொண்டிருக்கும் கையேட்டில் நான்கையும் போட்டு வாசித்துப் பார்த்தேன். தனியே நிற்கும்போது நன்றாக இருக்கும் சொல், வாக்கியத்துக்குள் போனதும் இடறுகிறது. என் முன்மொழிவு ‘மறிவால்வு’.

முதலில் பொருளைப் பார்த்துவிடுவோம். வளவுக்குள், அதாவது வீட்டைச் சுற்றியுள்ள காணிக்குள், பூமரங்களுக்குத் தண்ணீர் விடவும் கால் கழுவவும் ஒரு குழாய் இருக்கிறது. வீட்டு லைனிலிருந்து அது பிரிகிற இடத்துக்குக் கிட்ட ஒரு வால்வு. வெளிக்குழாய் பழுதானால் அந்த வால்வை மட்டும் மூடலாம். குசினியில் சமையல் பாட்டுக்குச் சமையல் நடக்கும். குளிர்நாட்டுக் கையேடுகளில் இந்த வால்வு சுவருக்கு உட்புறம் இருக்கும். உறைகிற நீர் விரிந்து குழாயை வெடிக்க வைக்கும் என்பதால், பனிக்காலத்துக்கு முன் அதை மூடி வெளிப்பக்கத்தை வடிய விடுவார்கள். நமக்கு உறைபனி இல்லை, உப்புக்காற்று இருக்கிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலோர வீடுகளில் இரும்புக் கைப்பிடி துருவேறி உதிர்ந்துவிடும். பித்தளையும் தப்பாது. அதிலுள்ள துத்தநாகம் மெல்லக் கரைந்துபோக, மஞ்சள் நிறம் மங்கிச் செம்பு நிறம் தட்டும், உலோகம் நொய்ந்துபோகும். அப்படிச் சிவந்த வால்வைச் சாவி (ஸ்பானர்) போட்டு இறுக்கித் திருத்தப் பார்ப்பது வீண். புரி உடைந்து கையோடு வரும். மாற்றத்தான் வேண்டும்.

இனிச் சொல். ஹாட்வெயார் கடையில் நாம் கேட்பது ‘கேற் வால்வு’ (gate valve) அல்லது ‘போல் வால்வு’ (ball valve). இரண்டும் அமைப்பைச் சொல்கிற பெயர்கள். கேற் வால்வில் ஒரு பலகை திருகுத்தண்டோடு ஏறி இறங்கும், பல சுற்றுத் திருக வேண்டும். போல் வால்வில் துளையிட்ட உருண்டை ஒன்று கால் சுற்றுத் திரும்பும்; பிடி குழாயின் போக்கிலேயே நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. ‘ஸ்ரொப் கொக்’ என்ற பெயர் நிறுத்துவதைச் சொன்னாலும், கடைக்காரர் எடுத்துத் தருவது வாஷர் அழுத்தி மூடும் ஒரு வகையைத்தான். நாம் தேடுவது இந்த வகைகளின் பெயரை அல்ல, அவை அந்த இடத்தில் செய்யும் வேலையின் பெயரை. இரண்டையும் பிரித்து வைக்காவிட்டால், “இந்த இடத்துக்கு எந்த வகை நல்லது?” என்ற கேள்வியையே மாணவனால் கேட்க முடியாது.

‘அடைப்பான்’ எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் குழாய் வேலையில் அடைப்பு என்றால் குப்பை சிக்கித் தண்ணீர் வராமல் நிற்பது. “அடைப்பானில் அடைப்பு இருக்கிறதா என்று பார்” என்று எழுத வேண்டி வரும். குழாயின் நுனியை மூடும் பிளக்கையும் சிலர் அடைப்பான் என்கிறார்கள். ‘மூடுவால்வு’ நிலையைச் சொல்கிறதா, வேலையைச் சொல்கிறதா என்று தெரியவில்லை. “மூடுவால்வைத் திற” என்றால் வாசிப்பவர் ஒரு கணம் நின்றுவிடுவார்.

‘ஓரதர்’ அழகான சொல். அதர் என்றால் வழி. ஒரே வழியாக மட்டும் போகவிடுவது. அதனாலேயே இந்த இடத்துக்குப் பொருந்தாது. கேற் வால்விலும் போல் வால்விலும் தண்ணீர் இரு பக்கமும் போகும். ஒரே திசையில் மட்டும் விடுகிற, மோட்டர் லைனில் போடும் ‘நொன் ரிட்டர்ன்’ வால்வுக்கு ஓரதர் என்ற பெயரை அப்படியே கொடுத்துவிடலாம். அங்கே அதைவிட நல்ல சொல் கிடைக்காது.

‘துருசு’ எங்கள் மாவட்டத்துச் சொல். நகரத்துக்குக் குழாய்த் தண்ணீர் தரும் கந்தளாய்ப் பக்கமும் குளத்துக் கட்டில் நீர் திறக்கும் இடம் அதுதான். ஆனால் துருசு என்றால் கட்டு, கதவு, மதகு எல்லாம் சேர்ந்த ஒரு கட்டுமானம். உள்ளங்கையில் அடங்கும் பொருளுக்கு அது பெரிது. போதாததற்குச் சித்த மருத்துவத்தில் மயில்துத்தம் என்கிற நீல நிறச் செம்பு உப்புக்கும் அதே பெயர்.

வயலை விட்டு வெளியே போகாமலே வேறொரு சொல் இருக்கிறது. வரம்பில் வெட்டிய வாயை மண் போட்டு அடைக்கும்போது “தண்ணியை மறிச்சுக் கட்டு” என்கிறோம். பஸ்ஸையும் மறிக்கிறோம். போகிற ஒன்றை வழியில் நிறுத்துவதுதான் மறித்தல், பிறகு விடவும் செய்யலாம். குழாயின் நடுவில் இருக்கும் இந்த வால்வு செய்வது அச்சொட்டாக அதைத்தான். நுனியில் இருக்கும் குழாய் தண்ணீரைத் தருகிறது, நடுவில் இருப்பது மறிக்கிறது.

இது ஈழத்து வழக்கு, தமிழ்நாட்டில் எடுபடாது என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். சாலை மறியல் தெரிந்தவர்களுக்கு மறித்தல் தெரியாமல் போகாது. ஈழத்தார் சொல்லாக்கத்தில் ஒதுங்கி நிற்கவும் வேண்டியதில்லை. 1936இல் சென்னையில் நடந்த கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் கிழக்கிலங்கைக் காரைதீவில் பிறந்த தமிழறிஞர் சுவாமி விபுலானந்தர். அதற்கு முன் எங்கள் திருகோணமலை இந்துக் கல்லூரியை நடத்தியவரும் அவரே.

‘வால்வு’ என்ற பகுதியை ஏன் விட்டுவைக்கிறேன் என்ற கேள்வி வரும். இலங்கைப் பாடநூல்களில் இதயத்தைப் படிக்கும் பிள்ளை இருகூர் வால்வு, முக்கூர் வால்வு என்றே படிக்கிறது. உகரம் ஏற்றுத் தமிழ் உருபுகளை எல்லாம் தாங்குகிற சொல்லைத் துரத்த எனக்கு மனமில்லை. ‘மறிவால்வு’ வினைத்தொகை, ஊறுகாய் போல; நடுவில் ஒற்று மிகாது. மறிப்புவால்வு என்று நீட்டவும் தேவையில்லை.

கையேட்டின் ஒரு பகுதியை இந்தச் சொல்லோடு எழுதிப் பார்த்தேன்:

“மறிவால்வை மூடிய பின்னும் வளவுக் குழாயில் தண்ணீர் சொட்டினால் மறிவால்வு தேய்ந்திருக்கிறது. தண்டின் கழுத்தில் மட்டும் கசிந்தால் அங்குள்ள நட்டைச் சற்று இறுக்கிப் பார். பல வேளை அதுவே போதும். மாற்றுவதானால் மீற்றருக்குப் பின்னால் உள்ள மெயின் வால்வை மூடு. மீற்றருக்கு முன்னால் இருப்பது நீர்வழங்கல் சபையுடையது, அதில் கை வைக்காதே. வளவுக் குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடிய விடு. பழைய மறிவால்வைக் கழற்றும்போது ஒரு சாவியால் குழாயைப் பிடித்துக்கொண்டு மற்றதால் திருகு. புதிய புரியில் திரெட் ரேப்பைப் புரியின் வாயைப் பார்த்தபடி வலஞ்சுழியாகச் சுற்று. வாஷர் வகையானால் உடம்பில் உள்ள அம்புக்குறி தண்ணீர் போகும் பக்கம் பார்க்க வேண்டும். போல் வால்வானால் பிடி முழுதும் திரும்பச் சுவரோடு இடம் விடு. பக்கத்தில் ஒரு யூனியன் (கழற்றிப் பூட்டக்கூடிய இணைப்பு) போட்டால் அடுத்த முறை குழாயை வெட்ட வேண்டி வராது.”

எங்கும் இடறவில்லை. ‘மறிவால்வு’ வேலையைச் சொல்கிறது. வகையைச் சொல்ல வேண்டிய இடத்தில் கடைப் பெயர்களே வருகின்றன. ‘கேற்’, ‘போல்’ இரண்டுக்கும் இப்போது சொல் ஆக்க வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளை கடைக்குப் போய் அவற்றைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

வெளிக்குழாய்க்கு ‘வளவுக் குழாய்’ என்று எழுதியிருக்கிறேன். வளவு என்ற சொல் தமிழ்நாட்டு நண்பர்களுக்கு வேறு பொருள் தரும் என்றால் ‘முற்றத்துக் குழாய்’ என்று மாற்றலாம், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. தண்டின் கழுத்தில் இருக்கும் அந்த நட்டுக்கும், அதற்குள் சுற்றிவைக்கும் திரிக்கும்தான் இன்னும் நல்ல பெயர் கிடைக்கவில்லை. உங்கள் ஊர் மேசன்மாரும் குழாய் வேலைக்காரரும் அவற்றை என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.