விடாமல் பாதம் நக்கும் நாய்: சொறியா, தூசி ஒவ்வாமையா?

கேள்வி (கடலூர், தேவனாம்பட்டினம்):
வணக்கம். எங்கள் வீட்டு லாப்ரடார் பெண் நாய்க்கு இரண்டரை வயது. ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து முன்னங்கால் பாதங்களை இரவெல்லாம் நக்குகிறது. விரலிடுக்கில் இருந்த வெளிர்மஞ்சள் முடி எச்சில் ஊறித் துருநிறமாகிவிட்டது. அக்குளும் காதின் உட்புறமும் சிவந்திருக்கின்றன. காதில் புளித்த வாடை வீசுகிறது. சொறி என்று மருந்துக் கடையில் கொடுத்த மாத்திரைக்குப் பத்து நாள் அடங்கி, நிறுத்தியதும் திரும்பிவிட்டது. வேப்பெண்ணெயில் கந்தகம் குழைத்துப் பூசச் சொல்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர். பூசலாமா?

பதில் (புதுச்சேரி, லாஸ்பேட்டை):
சகோதரி, தயவுசெய்து எதையும் பூசாதீர்கள். பூசியதையெல்லாம் அது நக்கி விழுங்கிவிடும். சொறிப்பூச்சி தோலுக்குள் குடைந்து வாழ்வது. பெரும்பாலும் காது மடல் விளிம்பிலும் முழங்கையிலும் தொடங்கும், வீட்டில் உள்ளவர்களுக்கும் அரிப்பு வரலாம். நீங்கள் சொல்லும் பாதம், அக்குள், உட்காது ஆகியவை ஒவ்வாமையில் அதிகம் பாதிக்கப்படும் இடங்கள். அது பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தலைகாட்டும். இந்த ஒவ்வாமையைத் தூண்டுபவற்றுள் ஒன்று, வீட்டுத் தூசியில் வாழும் தூசிப்பூச்சி. அது நாயின் மேல் வாழ்வதும் இல்லை, கடிப்பதும் இல்லை. ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் அளவுள்ள அது மெத்தையில் இருந்துகொண்டு உதிர்ந்த தோல் செதிலைத் தின்கிறது. அதன் கழிவில் உள்ள புரதமே அரிப்பைக் கிளப்புகிறது. தண்ணீர் குடிக்காமல் காற்றின் ஈரத்தை உறிஞ்சியே வாழ்வதால், நம் கடற்கரைக் காற்று அதற்கு மிகவும் ஏற்றது. புதுச்சேரி குரும்பாப்பேட்டை கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் சென்று, சொறிப்பூச்சி இருக்கிறதா என்று தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த மாத்திரை, அரிப்பைத் தற்காலிகமாக அடக்கும் ஸ்டீராய்டாக இருக்கக்கூடும் என்பதால் அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள்.

கேட்டவர்:
போய் வந்தோம். சுரண்டலில் எதுவும் அகப்படவில்லை. ஆனால் காது அழுக்கில் ஈஸ்ட் பூஞ்சை நிறைய இருந்தது. சொறிப்பூச்சி சில நேரம் சுரண்டலுக்குச் சிக்காது என்று அதற்கும் ஒரு மருந்து கொடுத்திருக்கிறார்கள். நாய் படுப்பது மாமியாரின் பழைய இலவம்பஞ்சு மெத்தையில். நேற்று வெயிலில் போட்டுத் தட்டியபோது அரைத் திண்ணைக்குத் தூசி படிந்தது. வெயில் போதுமா?

பதில் (கடலூர், மஞ்சக்குப்பம்):
போதாது, அம்மா. வெயிலில் பூச்சிகள் பல சாகலாம். கழிவு பஞ்சிலேயே தங்கிவிடும். இலவம்பஞ்சைத் துவைக்கவும் முடியாது. மெத்தையை அகற்றிவிட்டுப் பழைய பருத்திப் புடவையை மடித்து விரியுங்கள். வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் அலசுங்கள். குளோர்ஹெக்ஸிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பூவை மருத்துவர் சொன்னால், தேய்த்த உடனே கழுவாமல் கடிகாரம் பார்த்துப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். எங்கள் நாய்க்கு நாங்கள் செய்த தவறு அந்த அவசரம்தான். ஒவ்வாமைக்கான இரத்தப் பரிசோதனைக்கு இப்போதே பணம் செலவிட வேண்டாம். அது, ஒவ்வாத பொருளையே சிறிது சிறிதாகச் செலுத்தி உடலைப் பழக்கும் ஒவ்வாமை ஊசியில் எந்தப் பொருளைச் சேர்ப்பது என்று தேர்ந்தெடுக்க உதவுமே தவிர, நோயை உறுதிசெய்யாது. அந்த ஊசியின் பலன் தெரிய ஓராண்டு வரை ஆகலாம். அதற்கு முன் உணவு ஒவ்வாமை இல்லை என்று அறிய, மருத்துவர் சொல்லும் ஒரே உணவை எட்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். இடையில் ஒரு பிஸ்கட்கூடக் கூடாது.

கேட்டவர்:
மெத்தையை அகற்றி மூன்று வாரம் ஆகிறது. காது வாடை போய்விட்டது, அக்குள் சிவப்பும் தணிந்திருக்கிறது. விடியற்காலையில் மட்டும் இடது பாதத்தை இன்னும் நக்குகிறது. உணவுச் சோதனையைத் திங்கட்கிழமை தொடங்குகிறோம். பிஸ்கட் டப்பாவை மாமியாரே பரணில் ஏற்றிவிட்டார்.