அணுக்கரு இணைவுக்குப் போகும் பணத்தைக் குழந்தைகள் பக்கம் திருப்பினால் என்ன?

தாராபுரம் ரோடு (கேள்வி):
பிரான்சில் கடராஷ் என்ற இடத்தில், பல நாடுகள் சேர்ந்து ஈட்டர் என்ற அணுக்கரு இணைவு உலையை, அதாவது சிறிய அணுக்கருக்களை ஒன்றாக இணைத்து ஆற்றல் எடுக்கும் சோதனை உலையை, கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கட்டுமானச் செலவில் ஏறக்குறைய 9 சதவீதம் இந்தியாவின் பங்கு. அதன் முழு எரிபொருளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் (இரண்டும் ஹைட்ரஜனின் வகைகள்) போட்டு ஓட்டுவது 2039-இல்தான் என்று 2024-இல் அறிவித்தார்கள். இன்னொரு பக்கம், அங்கன்வாடியில் ஒரு குழந்தையின் ஊட்டச்சத்துக்கு நாளொன்றுக்கு 8 ரூபாய் என்று 2017-இல் மத்திய அரசு நிர்ணயித்தது. எங்கள் தெருவில் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் திரியும் பிள்ளைகளைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. அந்தப் பணத்தை இவர்களுக்குச் செலவழித்தால் என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிளாஸ்மா மாணவன்:
அண்ணா, நம் பங்கு பெரும்பாலும் பணமாகப் போவதில்லை, பொருளாகப் போகிறது. உலையை மூடி நிற்கும் 3,850 டன் எஃகுக் கலன் கிரையோஸ்டாட்டின் பாகங்களைக் குஜராத்தின் ஹசீராவில் எல் அண்ட் டி செய்து கப்பலில் அனுப்பியது. அந்த வெல்டிங் வேலையும் கூலியும் இங்கேயே இருந்தன.

நாளைக்கே மின்சாரம் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். 2022 டிசம்பரில் அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றலைச் செலுத்தி, இணைவில் 3.15 மெகாஜூல் எடுத்தார்கள். ஆனால் அந்த லேசரை இயக்கவே 300 மெகாஜூல் அளவுக்கு மின்சாரம் தேவைப்பட்டது. காந்திநகரில் ஆதித்யா என்ற டோகமாக் (காந்தப்புலத்தால் பிளாஸ்மாவைப் பிடித்துவைக்கும் இணைவு ஆய்வுக் கருவி) 1989-இலிருந்து ஓடி, ஆட்களைப் பழக்கியிருக்கிறது. நிதியை நிறுத்தினால் அந்த ஆட்கள் கலைந்துபோவார்கள். திரும்பச் சேர்க்க ஒரு தலைமுறை ஆகும்.

நேர்மை72:
பெற்றவர்களை விட்டுவிட்டு அரசாங்கத்தைக் கேட்பது என்ன நியாயம்? சிறார் நீதிச் சட்டம் பிரிவு 75-இல் குழந்தையை வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டால் மூன்று வருடம் வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன் போட்டால் போதும்.

பால்வாடி டீச்சர்:
திருப்பூர் பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறேன். 1098-க்கு நானும் போன் செய்திருக்கிறேன், அடி உதை என்றால் யோசிக்கவே கூடாது. ஆனால் நான் தினம் பார்ப்பது வேறு.

எங்கள் மையத்தில் நாலு வயதுப் பிள்ளை ஒன்று. அதைக் கூட்டிவருவது அக்கா. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியவள், இடுப்பில் ஒன்றரை வயதுத் தம்பியோடு ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். தம்பி கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட், மதியம் வரைக்கும் அதுதான். சோறு போடும்போது அவனுக்கும் ஊட்டுவோம். ஆனால் மையத்தில் சேர்க்க இரண்டு வயது முடிய வேண்டும். அதுவரை வீட்டுக்குச் சத்துமாவுதான் தருகிறோம். அந்த மாவைக் கிண்டிக் கொடுக்க வீட்டில் ஒரு ஆள் வேண்டாமா?

அம்மா பனியன் கம்பெனியில் கைமடி, துணி மடித்துக் கொடுக்கும் உதவி வேலை. காலை எட்டரைக்குப் போனால், ஓவர்டைம் இருக்கிற நாளில் ராத்திரிதான் திரும்புவாள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். ஊர் விட்டு வந்து காம்பவுண்டு வீட்டில் குடியிருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளப் பாட்டி கிடையாது. இவளை ஜெயிலில் போட்டால் மூன்று பிள்ளைகளும் குழந்தைகள் இல்லத்துக்குத்தான் போக வேண்டும். ருமேனியாவில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருந்த குழந்தைகள் 136 பேரை வைத்து 2000-த்தில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். அதில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். இரண்டு வயதுக்குள் போய்ச் சேர்ந்த பிள்ளைகள்தான் அதிகம் தேறினார்கள். அந்த வயதில் சோற்றைப் போலவே, தன்னைத் தூக்கிப் பேச ஒரு ஆளும் வேண்டும். நம் திட்டங்களில் ஓட்டை விழுவது சரியாக அந்த வயதில்தான்.

வழி இல்லாமல் இல்லை. கைவிடப்பட்ட தாய், பிள்ளையைத் தன்னோடே வைத்து வளர்க்க மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உண்டு. அதற்கு மனு எழுதிக் கொடுத்தேன். 30 பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்தை 1976-இலேயே திருத்தி எழுதினார்கள். 2017-இல் மகப்பேறு சலுகைச் சட்டத்தைத் திருத்தி, 50 பேர் வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நாலு தடவை போய்ப் பார்க்கலாம் என்றார்கள். இவள் கம்பெனியிலும் அப்படி ஓர் அறை இருக்கிறது. வாசலில் போர்டு, உள்ளே ஒரு தொட்டில், அதைச் சுற்றி அட்டைப் பெட்டிகள். ஆயா கிடையாது.

அதனால்தான், தம்பி, உலைப் பணத்தோடு இதை ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த ஆயாவின் சம்பளம் விஞ்ஞானிகளிடம் இல்லை. அவர்களிடம் போய்க் கேட்டுக்கொண்டிருந்தால், தர வேண்டியவர் தப்பித்துக்கொள்கிறார். பார்த்தும் பேசாமல் இருக்கும் நாமும்தான். எங்கள் பிள்ளைகளில் ஒருவர் நாளைக்கு அந்த மாணவத் தம்பியின் வேலைக்குப் போக வேண்டும் என்றும் ஆசைப்படுகிறேன்.

தாராபுரம் ரோடு:
டீச்சரம்மா, இப்படிப்பட்ட கம்பெனி பற்றி எங்கே எழுதுவது?

பால்வாடி டீச்சர்:
தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் உங்கள் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதுங்கள். எந்தத் தாயின் பெயரையும் போடாதீர்கள், வேலை போய்விடும். காப்பக அறை இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் திறந்து காட்டிவிடுவார்கள். ஆயாவுக்குச் சம்பளம் போட்ட பதிவேட்டைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.