நினைவிலிருந்து எழுதிய களஆய்வை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி:
சமூகவியலாளர் எம். என். சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பகுதியில், தாம் ராம்புரா என்று பெயரிட்ட சிற்றூரில் தங்கித் திரட்டிய குறிப்புகளைப் பகுத்தெழுதிய படிகள் 1970இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நேர்ந்த தீவைப்பில் எரிந்துபோயின. அதன்பின் பெரும்பாலும் நினைவைத் துணைகொண்டே அவர் எழுதி 1976இல் வெளியிட்ட நூலைப் பண்புசார் ஆய்வாக, அதாவது எண்களைவிட நேரில் கண்டு கேட்டதைச் சார்ந்த ஆய்வாக, ஏற்கலாமா?

மறுமொழி 1:
ஏற்கலாம் என்பேன். சாதியைச் சாத்திர நூல்களின் வழியே பார்ப்பதற்கும் ஊரில் வாழ்ந்து பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை வாழ்நாள் முழுதும் வலியுறுத்தியவர் அவர். எண்ணிக்கையில் மிகுந்து, நிலமும் செல்வாக்கும் கொண்ட சாதியே ஊரை நடத்துகிறது என்னும் அவருடைய 'ஆதிக்கச் சாதி' கருத்து, நான்கு வருணப் படிநிலையை மட்டும் படித்திருந்தால் கிடைத்திருக்காது.

மறுமொழி 2:
நினைவைவிட எனக்கு உறுத்துவது அவர் நின்ற இடம். பிராமணராகவும் ஊர்த்தலைவரின் விருந்தினராகவும் இருந்தவரிடம் தலித் குடும்பங்கள் எவ்வளவு மனம்திறந்து பேசியிருக்கும்? அந்தப் படிகள் எரியாமல் இருந்திருந்தாலும் இந்தக் குறை அவற்றிலும் இருந்திருக்கும்.

மறுமொழி 3:
அந்த வரம்பை அவரே நூலில் ஒப்புக்கொள்கிறார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆய்வாளர் தம்மை மறைத்துக்கொண்டு எழுதும் அறிக்கைகளில் இந்தக் கேள்வியைக் கேட்கவே நமக்கு வழியிருக்காது.