டிஸ்க் மாற்றிய பிறகு முன் சக்கரம் பிடித்துக்கொள்கிறது, அவசர உதவி

காரவள்ளிக்காரன்:
வணக்கம். பழைய ஜீப்பில் முன்பக்க டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் பிரேக் போட்டிருக்கிறேன். கொல்லிமலை ஏறும்போது ஒன்றுமில்லை. இறங்கும்போது பாதி வளைவு தாண்டியதும் முன் சக்கரம் இரண்டும் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. ஹப்பில் கை வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அரைமணி நிறுத்தினால் தானாகச் சரியாகிவிடுகிறது. பிரேக் லைனில் ஏர் எல்லாம் எடுத்தாயிற்று. வியாழக்கிழமை மிளகு மூட்டை இறக்கவேண்டும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மலைவண்டி:
எந்த ஜீப்? மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் உண்டா? பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் எங்கே இருக்கிறது, பழையதா புதியதா? பின்னாலும் டிஸ்க்கா? "பழைய ஜீப்" என்றால் மலையில் ஓடுவதில் பாதி அதுதான்.

கிரீஸ்கை:
டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரை இடம் வலம் மாற்றி மாட்டியிருப்பார்கள். ஏர் எடுக்கும் நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிட்டால் எவ்வளவு பம்ப் அடித்தாலும் மேலே நிற்கும் ஏர் வெளியே வராது. முதலில் அதைப் பாருங்கள்.

மலைவண்டி:
ஏர் இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், சக்கரம் ஏன் பிடிக்கிறது?

கிரீஸ்கை:
இருந்தாலும் பார்ப்பதில் நஷ்டமில்லை. என்ன ஆயில் ஊற்றினீர்கள்? இன்ஜின் ஆயில், ஸ்டீயரிங் ஆயில் கலந்திருந்தால் ரப்பர் ஊதிப்போய் இப்படித்தான் பிடிக்கும்.

டார்க்ரெஞ்ச்:
வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். டிஸ்க் வாங்கக் காசு இருக்கிறது, பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று படிக்கத்தான் நேரமில்லை. டிரம்முக்கான மாஸ்டருக்குள் ஒரு வால்வு உண்டு. லைனில் 10 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தத்தை அது பிடித்து வைக்கும். டிரம்மின் உள்ளே உரசும் ஷூவைத் திரும்ப இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் அது தொந்தரவில்லை. டிஸ்க்கில் அந்த ஸ்பிரிங் கிடையாது, பேட் உரசிக்கொண்டே இருக்கும். வால்வை எடு, வேலை முடிந்தது.

காரவள்ளிக்காரன்:
சிஜே 3பி, டீசல் இன்ஜின் மாற்றியது. பூஸ்டர் இல்லை. மாஸ்டர் பழையதுதான், காலடித் தகட்டுக்குக் கீழே. பின்னால் டிரம் அப்படியே. நிப்பிள் மேலேதான் இருக்கிறது. ஆயில் டாட் 4, புது டப்பா.

மலைவண்டி:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! டார்க்ரெஞ்ச் அண்ணன் சொன்ன வால்வை அப்படியே பிடுங்கிவிடாதீர்கள். இந்த வண்டியில் ஒரே லைன்தான் முன்னுக்கும் பின்னுக்கும் போகிறது. பின் டிரம்முக்கு அந்த 10 வேண்டும். தவிர மாஸ்டர் காலிப்பரைவிடக் கீழே இருப்பதால் ஒன்றுமே இல்லாவிட்டால் ஆயில் திரும்பி வந்துவிடும், அடுத்த முறை முதல் மிதிக்குப் பெடல் தரையைத் தொடும். முன்லைனில் 2, பின்லைனில் 10 என்று தனித்தனி வால்வு போடவேண்டும்.

கொண்டைஊசி:
எனக்கு ஒன்று புரியவில்லை. அந்த வண்டியில் 9 அங்குல டிரம்தானே? 11 அங்குல டிரம் மாற்றினாலே போதும். டிரம்மில் சக்கரம் சுற்றுகிற வேகமே ஷூவை டிரம்மோடு இன்னும் இறுக்கிக் கூடுதல் பிடி கொடுக்கும். டிஸ்க்கில் அது கிடையாது. பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் போட்டால் மிதித்து மிதித்து முட்டி போய்விடும்.

கிரீஸ்கை:
சேற்றில் இறங்கிப் பாருங்கள், டிரம்மின் அருமை தெரியும். உள்ளே போன தண்ணீர் வெளியே வருவதற்குள் அடுத்த ஊர் வந்துவிடும்.

கொண்டைஊசி:
70 வளைவையும் இரண்டாம் கியரில் இறக்கினால் பிரேக்குக்கே வேலை இல்லை. எங்கள் அப்பா அப்படித்தான் ஓட்டினார்.

கிரீஸ்கை:
எதிரே பஸ் வந்தால் அப்பா என்ன செய்தார்?

ஆர்சிபுத்தகம்:
கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2019-ல் சொல்லியிருக்கிறது. எஃப்சிக்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது என்ன சொல்வீர்கள்?

கொண்டைஊசி:
இன்ஜினையே மாற்றியவரிடம் பிரேக்குக்குச் சட்டம் பேசுகிறீர்களே.

மலைவண்டி:
சண்டையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். காரவள்ளிக்காரரே, இதைச் செய்து பாருங்கள். சக்கரம் பிடிக்கும்போது சமதளத்தில் கட்டை வைத்து நிறுத்தி, மாஸ்டரிலிருந்து லைன் வெளியே வரும் யூனியனை லேசாகத் தளர்த்துங்கள். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விட்டால் கோளாறு மாஸ்டர் பக்கம். விடாவிட்டால் காலிப்பர் நிப்பிளைத் திறந்துவிடுங்கள். அப்போது விட்டால் காலிப்பருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் உள்ளே சுருங்கியிருக்கிறது. அதற்கும் விடாவிட்டால் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனோ, காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்னோ ஜாம். மூஞ்சியைத் தள்ளி வையுங்கள், கொதிக்கும் ஆயில்.

இன்னொன்று, பெடலை விரலால் அழுத்தினால், பெடலின் ராடு மாஸ்டருக்குள் தொடும் முன் அரை அங்குலமாவது சும்மா போகவேண்டும். போகாவிட்டால் மாஸ்டருக்குள் ஆயில் திரும்பும் சின்ன ஓட்டை மூடியே இருக்கும். சூட்டில் விரியும் ஆயிலுக்குப் போக இடமில்லாமல் அதுவே பிரேக் அடிக்கும். ஆறினால் விடும். நீங்கள் சொல்வது அச்சு அசலாக இதுதான்.

டார்க்ரெஞ்ச்:
ராடு எல்லாம் இல்லை. வால்வுதான்.

காரவள்ளிக்காரன்:
யூனியனைத் தளர்த்தியதும் விட்டுவிட்டது. பெடலில் ஆட்டமே இல்லை. டிஸ்க் போட்டதும் பெடல் கீழே போகிறதென்று பட்டறையில் ராடை நீட்டி விட்டிருக்கிறார்கள். குறைத்துவிட்டேன். இன்று அடிவாரத்துக் காரவள்ளி வரை பிடிக்கவில்லை. ஜாக்கியில் தூக்கிச் சுற்றினால் மட்டும் லேசாக உரசுகிறது. நன்றி அண்ணா.

டார்க்ரெஞ்ச்:
அந்த உரசல்தான் வால்வு. நான் என்ன சொன்னேன்?

மலைவண்டி:
சரி, அதில் நீங்கள் சொன்னதும் சரிதான். காரவள்ளிக்காரரே, பெடல் இப்போது எவ்வளவு கீழே போகிறது? காலிப்பருக்கு ஆயில் அதிகம் வேண்டும், பழைய மாஸ்டர் பத்தாமல் இருக்கலாம். ஆனால் துளை பெரிய மாஸ்டர் போட்டால் பெடல் இன்னும் கனக்கும், பூஸ்டரையும் சேர்த்து யோசியுங்கள். அதுவரை மூட்டையைக் குறைத்து ஏற்றுங்கள். ஒரே லைன், ஒரு இடத்தில் ஒழுகினாலும் நாலு சக்கரத்திலும் பிரேக் கிடையாது.

ஏற்காடு_3பி:
என்னிடமும் இதே வண்டிதான். காலிப்பர் எந்த வண்டியுடையது? பிராக்கெட் லேத்தில் அடித்ததா, ரெடிமேடா?

ஏற்காடு_3பி:
காரவள்ளிக்காரர் இருக்கிறீர்களா?