சிம்பிளா, காம்பவுண்டா, காம்ப்ளெக்ஸா? ஆங்கில வாக்கியத்தை இனங்காணத் தடுமாறிய அனுபவங்கள்

விருதுநகர்த் தேர்வர் எழுதியது:

அரசுப் பணித் தேர்வுக்காகப் பொது ஆங்கிலம் படித்துவருகிறேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை பயிற்சி மையத்தில் நடந்த மாதிரித் தேர்வில், ஒரு வாக்கியத்தைக் கொடுத்து அது சிம்பிளா, காம்பவுண்டா, காம்ப்ளெக்ஸா என்று கேட்கும் பகுதியில் ஐந்து கேள்விகளில் மூன்றைத் தவறவிட்டேன். பாடத்தைப் படிக்காமல் போய்த் தவறவிட்டிருந்தால் வருத்தமில்லை. இணைப்புச் சொற்களின் பட்டியல் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டுப் போயும் இப்படி ஆனதால்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வாக்கியம் இது: "இன் ஸ்பைட் ஆஃப் ஹெவி ரெயின் அண்ட் ஸ்ட்ராங் விண்ட்ஸ், தி ஃபிஷர்மென் ஆஃப் தி வில்லேஜ் வென்ட் அவுட் டு சீ இன் தேர் ஸ்மால் போட்ஸ்." பலத்த மழையையும் காற்றையும் பொருட்படுத்தாமல் மீனவர்கள் கடலுக்குப் போனார்கள் என்பது பொருள். 21 சொற்கள் இருந்தன, நடுவில் "அண்ட்" வேறு இருந்தது. எனவே காம்பவுண்ட் என்று குறித்தேன். விடைத்தாளில் சிம்பிள் என்றிருந்தது. அடுத்தது, "ஐ நோ ஹி லைஸ்." நான்கே சொற்கள், இணைப்புச் சொல் எதுவும் கண்ணில் படவில்லை, தயக்கமில்லாமல் சிம்பிள் என்று குறித்தேன். அது காம்ப்ளெக்ஸாம். மூன்றாவது, "ஆஃப்டர் தி மீட்டிங், வி வென்ட் ஹோம்." பட்டியலில் "ஆஃப்டர்" காம்ப்ளெக்ஸுக்கு உரியது என்று படித்திருந்தேன், அதுவும் சிம்பிள் ஆகிவிட்டது.

நீளத்தை நம்பினாலும் தவறாகிறது, பட்டியலை நம்பினாலும் தவறாகிறது. இதே இடத்தில் தடுமாறி, பிறகு தெளிந்தவர்கள் தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொண்டால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தஞ்சை ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

தம்பி, நீங்கள் தடுமாறிய அதே இடத்தில் நான் பாடம் நடத்திக்கொண்டே பல ஆண்டுகள் தடுமாறியிருக்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில், கரும்பலகையில் மூன்று பத்தி பிரித்து, காம்ப்ளெக்ஸுக்கு "தோ", காம்பவுண்டுக்கு "பட்", சிம்பிளுக்கு "இன் ஸ்பைட் ஆஃப்" என்று எழுதிப்போட்டு, மாணவர்களை அப்படியே ஒப்பிக்கச் செய்வேன். மதிப்பெண்ணும் வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு முறை நல்ல மாணவி ஒருத்தி, "தோ ஹி வாஸ் இல், பட் ஹி கேம்" என்று எழுதியிருந்தாள். ஒரே வாக்கியத்துக்கு இரண்டு பத்தியிலிருந்தும் ஒவ்வொரு சொல்லை எடுத்து வைத்திருந்தாள். நான் கற்றுக்கொடுத்தது சொற்களைத்தானே தவிர வாக்கியத்தை அல்ல என்பது அந்தத் தாளைத் திருத்தும்போது எனக்கே உறைத்தது.

ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிப் புலம்பியபோது, பக்கத்து மேசையிலிருந்த தமிழாசிரியர், "முற்று எத்தனை, எச்சம் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள் அம்மா" என்றார். அன்றிலிருந்து என் பாடமே மாறிவிட்டது. "வந்தான்" என்பது முற்று. "வந்து", "வந்த", "வந்தால்" ஆகியவை எச்சம். ஆங்கிலத்திலும் இந்த வேறுபாடு உண்டு. அங்கே முற்றை ஃபைனைட் வெர்ப் என்கிறார்கள். வாக்கியத்தில் முற்று ஒன்றே ஒன்றென்றால், அது ஒரு பக்கம் நீண்டாலும் சிம்பிள்தான். உங்கள் மீனவர் வாக்கியத்தில் "வென்ட்" மட்டுமே முற்று. அங்குள்ள "அண்ட்" மழையையும் காற்றையும்தான் இணைக்கிறது; இரண்டு வாக்கியங்களை இணைக்கவில்லை. "ஐ நோ ஹி லைஸ்" என்பதில் "நோ", "லைஸ்" என இரண்டு முற்றுகள் உள்ளன; இடையிலிருந்த "தட்" வழக்கில் உதிர்ந்துவிட்டது. "ஆஃப்டர்" என்ற சொல்லுக்குப் பின் "தி மீட்டிங்" என்று வெறும் பெயர் வந்தால் அது முன்னிடைச் சொல். "வி ஹேட் லஞ்ச்" என்பதுபோல் எழுவாயும் முற்றும் வந்தால்தான் இணைப்புச் சொல்.

முற்று எது என்று ஐயம் வந்தால் ஒரு சோதனை இருக்கிறது. "ஹேவிங் ஃபினிஷ்ட் ஹிஸ் ஒர்க், ஹி வென்ட் ஹோம்" என்பதில் காலத்தை மாற்றிப் பாருங்கள். நேற்று நடந்ததை நாள்தோறும் நடப்பதாக ஆக்கினால், "வென்ட்" என்பது "கோஸ்" ஆகிவிடும், "ஹேவிங்" அசையாது. அசையாதது எச்சம். வகுப்பில் இதைச் செய்யும்போது, மாறும் சொல்லுக்கு மட்டும் சிவப்புச் சுண்ணக்கட்டியால் கோடு போடச் சொல்வேன். எத்தனை சிவப்புக் கோடு என்று எண்ணினால் பாதி வேலை முடிந்துவிடும். கோடு இரண்டு வந்த பிறகுதான், அவை சரிசமமாக நிற்கின்றனவா, ஒன்று மற்றொன்றின் மேல் சாய்ந்து நிற்கிறதா என்ற கேள்வியே எழுகிறது. சமமாக நின்றால் காம்பவுண்ட், சாய்ந்து நின்றால் காம்ப்ளெக்ஸ்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ஆங்கில வாக்கியத்தைத் தமிழாக்கிவிட்டு முற்றை எண்ணாதீர்கள். "தோ ஹி வாஸ் இல், ஹி கேம்" என்பது தமிழில் "உடல்நலம் இல்லாதிருந்தும் வந்தான்" என்று ஒரே முற்றோடு முடிந்துவிடும். "நேற்று வந்த பையன்" என்று நாம் பெயரெச்சத்தால் சொல்வதை ஆங்கிலம் "தி பாய் ஹூ கேம் எஸ்டர்டே" என்று முற்றை வைத்தே சொல்லும். நம் பிள்ளைகளுக்குக் காம்ப்ளெக்ஸ் வாக்கியம் சிம்பிளாகத் தோன்றுவதற்கு இதுவே முதல் காரணம் என்பது என் எண்ணம்.

திண்டுக்கல் அம்மா எழுதியது:

ஆசிரியை அவர்களின் பதிவைப் படித்ததும் என் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த நாள்கள் நினைவுக்கு வந்தன. அவன் மேல்நிலை வகுப்பில் படித்தபோது அவனுக்குத் தொல்லை கொடுத்தது சென்டன்ஸ் பேட்டர்ன், அதாவது எஸ், வி, ஓ, சி, ஏ என்று எழுத்துகளால் குறிக்கும் பகுதி. எழுவாயையும் வினையையும் சரியாகக் கண்டுபிடித்துவிடுவான். வினைக்குப் பின்னால் வருவது ஆப்ஜெக்டா (செயப்படுபொருள்), காம்ப்ளிமெண்டா (பொருளை நிறைவாக்கும் சொல்), அட்ஜங்டா (எப்படி, எங்கே, எப்போது என்று சொல்லும் கூடுதல் சொல்) என்பதில் ஒவ்வொரு முறையும் நாணயத்தைச் சுண்டிப்போடுவதுபோல் எழுதுவான்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. நான் படித்தது தமிழ் இலக்கியம். ஆகவே வேற்றுமை உருபை வைத்தே சொல்லிக்கொடுத்தேன். "ஷி கேவ் ஹிம் எ புக்" என்பதைத் தமிழில் சொல்லச் சொன்னேன். "அவள் அவனுக்குப் புத்தகத்தைக் கொடுத்தாள்" என்றான். "கு" வந்தது இன்டைரக்ட் ஆப்ஜெக்ட், "ஐ" வந்தது டைரக்ட் ஆப்ஜெக்ட். "தே எலெக்டட் ஹிம் லீடர்" என்பதை "அவனைத் தலைவனாகத் தேர்ந்தெடுத்தார்கள்" என்றான். "ஐ" ஆப்ஜெக்ட், "ஆக" காம்ப்ளிமெண்ட். சமையலறை மேசையில், நான் கீரை ஆய்ந்துகொண்டிருக்க, அவன் இருபது வாக்கியங்களை மளமளவென்று முடித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெருமை மறுநாளே அடங்கியது. "ஹி ஆஸ்க்ட் மி எ கொஸ்டின்" என்பதை "என்னிடம் ஒரு கேள்வி கேட்டான்" என்றுதான் சொல்கிறோம். "கு" வரவில்லை, "கேள்வி" மீது "ஐ"யும் இல்லை. இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கி நிற்பது எனக்குத் தெரியும், பிள்ளைக்குத் தெரியாது. "ஆக" என்பதும் ஏமாற்றியது: "வேகமாக ஓடினான்" என்பதிலும் "ஆக" இருக்கிறது, ஆனால் அது அட்ஜங்ட். பிறகு அவனுடைய ஆங்கில ஆசிரியர் சொன்ன வழியைச் சேர்த்துக்கொண்டோம். வினைக்குப் பின் வரும் இரண்டுக்கும் நடுவில் "இஸ்" போட்டுப் பார்க்க வேண்டும். "ஷி மேட் ஹிம் எ கேக்" என்பதில் "அவன் ஒரு கேக்" என்றால் சிரிப்பு வரும். ஆகவே இரண்டும் ஆப்ஜெக்ட். "ஷி மேட் ஹிம் எ ஸ்டார்" என்பதில் "அவன் ஒரு நட்சத்திரம்" என்பது பொருந்துகிறது; ஆகவே இரண்டாவது காம்ப்ளிமெண்ட். ஒரே வினை, ஒரே வரிசை, ஆனால் வேறு அமைப்பு.

"க்ரூ" என்ற வினை இன்னும் பொல்லாதது. "ஹி க்ரூ டொமேட்டோஸ்" என்றால் தக்காளி பயிரிட்டார், அது ஆப்ஜெக்ட். "ஹி க்ரூ டயர்ட்" என்றால் களைத்துப்போனார், அது காம்ப்ளிமெண்ட். "ஹி க்ரூ ராப்பிட்லி" என்றால் வேகமாக வளர்ந்தார், அது அட்ஜங்ட். வினையைப் பார்த்து அமைப்பை முடிவுசெய்யக் கூடாது என்று என் மகன் அன்று கற்றுக்கொண்டான், நானும்தான்.

சென்னை மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

சட்ட ஆவணங்களைத் தமிழாக்குவது என் தொழில். முற்றை எண்ணும் பழக்கம் எனக்குத் தேர்வால் வரவில்லை, பிழைப்பால் வந்தது. அந்தப் பழக்கம் இல்லாதவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் பயிற்சி, இந்திய அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரை. ஆங்கிலத்தில் 80க்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட ஒரே வாக்கியம் அது. இதன் வகை என்ன என்று கேட்டால், பத்துப் பேரில் ஒன்பது பேர் தயங்காமல் காம்ப்ளெக்ஸ் என்பார்கள். தொடக்கத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

பொறுமையாகப் பிரித்துப் பாருங்கள். எழுவாய் "வி", அதாவது இந்திய மக்களாகிய நாம். அதன்பின் வரும் "ஹேவிங் சாலம்ன்லி ரிசால்வ்ட்" எச்சம். "டு கான்ஸ்டிட்யூட்", "டு செக்யூர்", "டு ப்ரமோட்" மூன்றும் எச்சம். சகோதரத்துவத்தை அடுத்து வரும் "அஷ்யூரிங்" என்பதும் எச்சம். நீதி, சுதந்திரம், சமத்துவம் ஆகியவை பெயர்களாக அடுக்கப்பட்டவை. 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தம் சேர்த்த சொற்களும் ஏற்கெனவே இருந்த சொல் அடுக்குகளுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டனவே தவிர, முற்று எதையும் கூட்டவில்லை. 1949 நவம்பர் 26 என்ற நாளைச் சொன்ன பிறகு, ஏறத்தாழக் கடைசியில்தான் "டூ ஹியர்பை அடாப்ட், இனாக்ட் அண்ட் கிவ்" என்று வருகிறது; இந்த "டூ" (do) முன்னே எச்சங்களில் வந்த "டு" (to) அல்ல. முற்று அங்கேதான் இருக்கிறது. இந்தியக் குடியரசின் மிகப் புகழ்பெற்ற ஆங்கில வாக்கியம், இலக்கணப்படி ஒரு சிம்பிள் சென்டன்ஸ்.

தமிழில் அது இயல்பாக அமைந்துவிடுவதற்கும் இதுவே காரணம். எச்சங்களை அடுக்கிக்கொண்டே போய் இறுதியில் ஒரு முற்றை வைப்பது நம் உரைநடைக்குக் கைவந்த கலை. "ஹூ", "விச்", "தட்" என்று முற்றுகளைக் கொத்துக்கொத்தாக வைத்திருக்கும் 30 சொல் ஒப்பந்த வாக்கியம் எனக்குக் கொடுக்கும் தலைவலியை இந்த முகப்புரை கொடுத்ததே இல்லை.

கோவை உறுப்பினர் எழுதியது:

மறுத்துச் சொல்வதற்கு மன்னிக்கவும். "ஹி கேம் அண்ட் சாட் டவுன்" என்பதில் "கேம்", "சாட்" என இரண்டு முற்றுகள் இருக்கின்றன. ஆசிரியை அவர்களின் கணக்குப்படி இது காம்பவுண்ட். நான் படித்த பள்ளியில் அப்படித்தான் சொன்னார்கள். பிறகு வேலை நிமித்தமாக எடுத்த ஓர் இணையவழிப் பாடத்தில் இதைச் சிம்பிள் என்றார்கள்; எழுவாய் ஒன்றுதான், பயனிலை மட்டுமே இரட்டை என்பது அவர்கள் வாதம். எதை நம்புவது? முகப்புரையிலும் மூன்று வினைகளை "அண்ட்" இணைக்கிறதே?

தஞ்சை ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

நல்ல மறுப்பு. இதில் இலக்கண நூல்களே ஒத்துப்போவதில்லை. ஒவ்வொரு முற்றுக்கும் தனி எழுவாய் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பவர்கள் இதைச் சிம்பிள் என்பார்கள். இரண்டாவது எழுவாய் தொக்கி நிற்பதாகக் கொள்பவர்கள் காம்பவுண்ட் என்பார்கள். நம் பள்ளிப் பயிற்சிகள் பெரும்பாலும் இரண்டாவது கட்சி. சிம்பிள் வாக்கியத்தைக் காம்பவுண்டாக மாற்றச் சொன்னால், எழுவாயைத் திரும்பச் சொல்லாமல் "அண்ட்" போட்டு எழுதிய விடையையும் ஏற்றுக்கொள்வோம். நானும் ஏற்றுக்கொண்டு மதிப்பெண் போட்டிருக்கிறேன். தேர்வுக்குப் போகிறவர்கள் அந்தத் தேர்வின் பழைய விடைக்குறிப்புகளைப் பார்த்து அதன் கட்சியைத் தெரிந்துகொள்வது நல்லது. முகப்புரையைப் பொறுத்தவரை ஐயமில்லை: காலத்தைத் தாங்குவது "டூ" (do) என்ற துணைவினை ஒன்றுதான், மற்ற மூன்றும் அதற்குப் பின்னால் வெறும் வடிவில் நிற்கின்றன. கடந்த காலமாக்கினால் "டிட்" என்று அது மட்டுமே மாறும். சிவப்புக் கோடு ஒன்றுதான்.

விருதுநகர்த் தேர்வர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று அடுத்த மாதிரித் தேர்வு நடந்தது. "ஹேட் ஐ நோன் இட், ஐ வுட் ஹேவ் கம்" என்ற வாக்கியத்தில் இணைப்புச் சொல் ஒன்றுமே இல்லை. முன்பாக இருந்திருந்தால் சிம்பிள் என்று குறித்துவிட்டு நகர்ந்திருப்பேன். "ஹேட்", "வுட்" இரண்டின் அடியிலும் கோடு போட்டேன். "இஃப்" மறைந்திருப்பது அப்போதுதான் தெரிந்தது. காம்ப்ளெக்ஸ் என்று குறித்தேன், சரி. இந்தப் பகுதியில் ஐந்துக்கு ஐந்து.

பேட்டர்ன் பகுதியில் மட்டும் ஒன்று போயிற்று. "தி மில்க் டர்ன்ட் சவர்." திண்டுக்கல் அம்மா சொன்னபடி தமிழில் சொல்லிப் பார்த்தேன், "பால் புளித்துவிட்டது" என்று வந்தது. உருபு ஏதும் இல்லாததால் குழம்பி, "சவர்" என்பதை ஆப்ஜெக்ட் என்று எழுதிவிட்டேன். அம்மா, இந்த இடத்தில் என்ன செய்வது?

திண்டுக்கல் அம்மா எழுதியது:

வினையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் "இஸ்" போடுங்கள் தம்பி. "தி மில்க் இஸ் சவர்" என்று பொருந்துகிறது அல்லவா? ஆகவே எஸ் வி சி. அந்தப் பாலை என் மகனும் ஒரு முறை ஆப்ஜெக்ட் ஆக்கியிருக்கிறான்.